புள்ளத்தாச்சியின் சட்டியில் என்ன இருந்தது? தருமபுரிச் சேரிகளின் அடுப்படி வரலாறு

2014 நவம்பர் நடுவில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. தமிழ்நாடே அந்த மருத்துவமனையைத் திரும்பிப் பார்த்தது. குழந்தைகள் மிகவும் எடை குறைவாகப் பிறந்தன, தாய்மார்களுக்கு ரத்தசோகை, சின்ன வயதில் கல்யாணம் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ஒரு வாரம் விவாதங்கள் நடந்தன. அவற்றில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சொல் ‘விழிப்புணர்வு’. கர்ப்ப காலத்தில் எதைச் சாப்பிட வேண்டும் என்று இந்த மாவட்டத்துப் பெண்களுக்குத் தெரியவில்லையாம்.

எடை குறைவு உண்மைதான். ரத்தசோகையும் உண்மைதான். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். ஆனால் இதற்கு ‘அறியாமை’ என்று பெயர் வைத்துவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுவரொட்டி அச்சடித்தால் போதும். தருமபுரியில் ஒரு தலித் பெண் மாசமாக இருக்கும்போது என்ன சாப்பிட்டாள் என்பது, யாருடைய குதிரிலிருந்து, எந்தப் படியால் அளந்து, எத்தனை பேர் சாப்பிட்ட பிறகு அவளுக்கு வந்தது என்பதைப் பொறுத்தது. அந்த வரலாற்றை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இதைத் தொடங்குகிறோம்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் காலனிகளுக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் வயதான பெண்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறோம். ‘ஆயா, நீங்க புள்ளத்தாச்சியா இருந்தப்ப என்ன சாப்பிட்டீங்க?’ பெரும்பாலும் முதலில் சிரிப்புதான் வரும். ‘என்னா கண்ணு சாப்புட்டது? இருந்தத சாப்புட்டோம். களி இருந்தா களி, இல்லன்னா கூழு.’ கேவுரு, சாமை, கம்பு, கொள்ளு, அவரைக்கொட்டை, கீரை, கருவாடு என்று பட்டியல் வரும். நெல்லுச்சோறு எப்போது என்று கேட்டால் பொங்கல், தீபாவளி, அப்புறம் யார் வீட்டிலாவது சாவு. கர்ப்பத்துக்கென்று தனிச் சமையல் இருந்ததா என்ற கேள்வியே அவர்களுக்குப் புரிவதில்லை. வாய்க்கு ருசிக்கவில்லை என்றால் புளியும் உப்பும் மிளகாயும் வைத்து இடித்துக் கூழுக்குத் தொட்டுக்கொண்டது, மாங்காய்க் காலமாக இருந்தால் மாங்காய், அவ்வளவுதான் தனிச் சமையல்.

தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றுதான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் சேலம் ஜில்லா. அதற்கும் முன், 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தபோது இதற்குப் பாராமகால் என்று பெயர். அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது இங்கேதான். பாடப்புத்தகத்தில் இது பெருமையாக இருக்கும். அளந்த நிலம் பட்டாதாரர் பேருக்குப் போனது. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர்களில், களை எடுத்தவர்களில் பெரும்பகுதி பட்டாவே இல்லாதவர்கள். வானம் பார்த்த பூமி, கேழ்வரகும் கம்பும் சாமையும் கொள்ளும் விளைகிற மேட்டுக்காடு. இதில் உழைத்தவர்களுக்குக் கூலி காசாக வரவில்லை, தானியமாக வந்தது.

இதற்கு ஒரு சொல் இருக்கிறது: படியாள். படியால் அளந்து கூலி வாங்குகிறவர். வேலைக்காரரின் பெயரே அளவையிலிருந்து வந்திருக்கிறது. படி யாருடையது, தலை தட்டி அளப்பதா கும்பாச்சி வைத்து அளப்பதா, புதுத் தானியமா புழுத்ததா, எல்லாம் அளக்கிறவர் முடிவு. பெண்ணுக்கு அளவு குறைவு. நிறைமாதத்தில் களை எடுக்கப் போக முடியாவிட்டால் அந்த நாள் படி இல்லை. அதாவது உடம்புக்கு அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் வீட்டுக்கு வரும் தானியம் குறையும். உட்கார்ந்து யோசித்தால் இந்த ஒரு கணக்கு போதும். விழிப்புணர்வு முகாம்கள் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்க உத்தரவான பஞ்சமி நிலத்தைப் பற்றி இங்கே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதை நாம் உரிமை என்றும் மானம் என்றும் பேசுகிறோம். சரிதான். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்தமாக அரை ஏக்கர் மேட்டுக்காடு இருந்த வீட்டில், புள்ளத்தாச்சி வேலைக்குப் போகாத நாளிலும் குதிரில் கேவுரு இருந்தது.

படி அடியோடு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைத் தாது வருஷப் பஞ்சம் காட்டியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற அந்தப் பஞ்சத்தில் சேலம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.6 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881-இல் சுமார் 16 லட்சமாகக் கிடந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது பட்டினிக் கூலி என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்கள் அந்தக் கூலி ஓடிய பிறகுதான் உயர்ந்தது. அந்தக் காலத்தில் மாகாணமெங்கும் பிறப்புகள் சரிந்தன. இதைப் படிக்கும்போது சாவின் எண்ணிக்கையையே பார்க்கிறோம். பட்டினியில் பெண்களுக்குத் தீட்டு நின்றுபோகும், கரு தங்காது. பிறக்காமல் போன அந்தக் குழந்தைகள் எந்தச் சாவுக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

பஞ்சம் இல்லாத வருஷத்திலும் வீட்டுக்குள் ஒரு வரிசை இருந்தது, இருக்கிறது. முதலில் ஏர் ஓட்டப் போகிற ஆண், பிறகு பிள்ளைகள், மாமனார் மாமியார், கடைசியில் மருமகள். களி உருண்டையில் அவளுக்கு வருவது சின்ன உருண்டை, குழம்பில் காய் இருக்காது, சாறுதான் இருக்கும். சாதியை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போவது நேர்மையாக இருக்காது. சேரிக்கு வெளியே அளந்த படியில் அநியாயம் இருந்தது போலவே, சேரிக்குள் போட்ட களியிலும் அநியாயம் இருந்தது. இரண்டும் அவள் மேலேயே வந்து இறங்கின.

அவள் குறைவாகச் சாப்பிட்டதற்கு வேறொரு காரணமும் சொல்லப்படுகிறது. ‘நெறைய தின்னா புள்ள பெருத்துடும், வெளிய வராது.’ இன்றைக்கும் சில வீடுகளில் இதைக் கேட்கலாம். மூடநம்பிக்கைப் பட்டியலில் முதலில் வைக்கப்படுவதும் இதுதான். மார்க் நிக்டர், மிமி நிக்டர் என்ற இரு மானுடவியலாளர்கள் தென் கன்னடப் பகுதியில் இதே பேச்சைக் கேட்டு 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தையும் சாப்பாடும் ஒரே வயிற்றில் இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்று அங்கேயும் பெண்கள் கருதினார்கள். சின்னக் குழந்தையாக இருந்தால் சுகமாகப் பிறக்கும் என்றும் விரும்பினார்கள்.

இதை ஒரு ஆயாவிடம் கொஞ்சம் எகத்தாளமாகவே எங்களில் ஒருவர் கேட்டார். அவர் சொன்ன பதில் எங்களை வாயடைக்க வைத்தது. அவர் கல்யாணம் ஆகி வந்த காலத்தில் அந்த ஊருக்கு ரோடு இல்லை. குழந்தை மாட்டிக்கொண்டால் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். அவர் கண் முன்னால் ஓரகத்தி அப்படித்தான் போனார். சின்ன வயதிலிருந்து அரைவயிறு சாப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு இடுப்பெலும்பு குறுகலாக இருக்கும், பெரிய தலை இறங்காது. அறுவை செய்ய ஆள் இல்லாத இடத்தில் சின்னக் குழந்தையை விரும்புவது கணக்கு போட்டு எடுத்த முடிவு. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ராத்திரியிலும் பிரசவம் பார்க்கத் தொடங்கிய பிறகு, இந்தப் பேச்சு வேகமாகக் குறைந்துவிட்டது. இப்போது தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. யாரும் பிரசங்கம் செய்து அந்த நம்பிக்கை போகவில்லை. வண்டி வந்தது, போய்விட்டது.

சட்டியில் இருந்தது வெறும் களி மட்டுமல்ல. களிக்குக் கூட வந்த கீரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குமிட்டி, பண்ணை, பருப்புக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை. காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை. களை எடுக்கப் போன காட்டிலேயே மடியில் கட்டிக்கொண்டு வந்து, கடைந்து, களியைத் தொட்டு முழுங்கியது. அதிலும் காட்டுக்காரர் முகம் பார்க்க வேண்டும். பிடுங்கிப் போடுகிற களைதானே என்று நீங்கள் நினைக்கலாம். அதை எடுத்ததற்குத் திட்டு வாங்கிய கதைகள் எங்களிடம் ஏராளம். இப்போது களைக்கொல்லி அடிக்கிறார்கள். திட்டும் இல்லை, கீரையும் இல்லை.

இந்தக் கீரைக்கும் கர்ப்பத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த கதை நம் நாட்டில்தான் நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ஒரு வகை ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். வில்ஸ் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அவர்களுடைய சாப்பாட்டைப் பார்த்தார். குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்கள் பிழைக்கிறார்கள் என்று 1931-இல் எழுதினார். அதில் இருந்த பொருளைப் பத்து வருஷம் கழித்துக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். இன்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்து இருப்பது அதுதான். வில்ஸிடம் நமக்குப் பிடித்தது, அந்தப் பெண்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்லாமல், தட்டில் என்ன இல்லை என்று பார்த்ததுதான்.

இரும்பு என்று வரும்போது ஒரு பெரிய மௌனம் இருக்கிறது. கர்ப்பிணி சாப்பிட வேண்டியவை என்று ஒட்டப்படும் அட்டைகளில் பால், முட்டை, பேரீச்சம்பழம், மாதுளை, கீரை, பருப்பு எல்லாம் படத்தோடு இருக்கும். சிலவற்றில் மீனும் இருக்கும். நாங்கள் பார்த்த எந்த அட்டையிலும் மாட்டுக்கறி இல்லை. உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் இரும்பு கறியிலும் ஈரலிலும் இருக்கிறது. பி12 தாவரத்தில் கிடைக்காது. சேரிகளில் ஏழைக்கு எட்டிய விலையில் இவை கிடைத்தது மாட்டிலிருந்துதான். கறி மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயவைத்து உப்புக்கண்டம் ஆக்கினார்கள். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் நாலு துண்டைச் சுட்டுக் கூழுக்குக் கடித்துக்கொண்டது அதுதான். ரத்தம் குறைவு என்றால் ஆட்டுச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்பது எல்லாச் சாதி வீட்டிலும் இருக்கும் வழக்கம். அதன் விலை இப்போது கூலிக்காரர் கைக்கு எட்டாது. மாட்டு ஈரல் எட்டும். ஆனால் அதைச் சொல்ல நாக்கு எழாது.

இதில் நம் பக்கத்துச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், அதைத் தின்ன மாட்டோம் என்று நம் முன்னோர் எடுத்த முடிவு பெரிய போராட்டம். 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் இதை வலியுறுத்தினார். தமிழகத்துச் சேரிகளிலும் அந்த மறுப்பு நடந்தது, அதற்காக அடி வாங்கினார்கள். அது சுமத்தப்பட்ட இழிவுக்கு எதிரான மறுப்பு. கடையில் காசு கொடுத்து வாங்கும் நல்ல கறிக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த வெட்கம் இதன் மேலும் வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் தெருவுக்கு வாசம் போகக்கூடாது என்று கதவைச் சாத்திச் சமைக்கும் வீடுகள் உண்டு. ஐந்தாம் மாதத்தில் ஹீமோகுளோபின் எட்டு என்று அட்டையில் எழுதப்பட்ட ஒரு பெண், கறி சாப்பிடுவாயா என்று கேட்டபோது இல்லை என்றே சொல்லிவிட்டு, வெளியே வந்து எங்களிடம் ‘எந்தக் கறின்னு கேப்பாங்களோன்னு பயம்’ என்றார். இந்தப் பயத்தைப் போக்கும் விழிப்புணர்வு அட்டை ஒன்று இனிமேல்தான் அச்சாக வேண்டும்.

சாப்பாட்டை விட்டு ஓய்வுக்கு வருவோம். இரண்டும் ஒன்றுதான். வேலைக்குப் போனால்தான் படி என்றிருக்கும் வரை ஓய்வு என்பது பட்டினி. இதைச் சட்டமன்றத்தில் பேசியவர்களில் அம்பேத்கரும் ஒருவர். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமேலவையில் மகப்பேறு நலச் சட்ட முன்வடிவை ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கானது, ஆகவே அதன் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929-இல் பம்பாயில் சட்டம் வந்தது, சில வருஷங்களில் சென்னை மாகாணத்திலும் வந்தது, 1961-இல் நாடு முழுக்க வந்தது. எல்லாம் ஆலை, சுரங்கம், தோட்டம் என்று வருகைப் பதிவேடு இருக்கும் இடத்துக்கு. காட்டில் களை எடுப்பவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அவளுக்கு முதன்முதலில் ஏதோ ஒன்று வந்தது 1987-இல். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம், 300 ரூபாய். அதை இன்று கேட்டால் சிரிப்பு வரும். அப்போது அது வீட்டுக்கு வந்த பெரிய காசு. 2006-இல் 6,000 ஆனது, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000. படியாள் வீட்டுப் பெண்ணுக்கு வேலைக்குப் போகாத மாதத்துக்குக் காசு வருவது சாதாரண மாற்றம் அல்ல. இதை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்களிடம் நமக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான் என்ற நிபந்தனைகள் இருக்கின்றன. 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணுக்குத்தான் குழந்தை எடை குறையும் ஆபத்து அதிகம். அவளுக்குக் காசு இல்லை. கல்யாணத்தைத் தடுக்க முடியாதவர்கள், அது நடந்த பிறகு அந்தப் பெண்ணின் வயிற்றில் அடிப்பது என்ன நியாயம் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இனி அரிசிக்கு வருவோம். 2006-இல் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய் ஆனது, 2008-இல் ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லை. தருமபுரிச் சேரிகளின் அடுப்படி வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. சாவு வீட்டிலும் பண்டிகையிலும் மட்டும் பார்த்த நெல்லுச்சோறு தினமும் பொங்கியது. படி அளந்த வீட்டு வாசலுக்குப் போகாமல் சோறு சாப்பிட முடிந்தது. கூலி பேச முதன்முதலாக வாய் திறந்தது. வேலை வேண்டாம் என்று சொல்லவும் முடிந்தது.

அதே நேரம் சட்டியில் இருந்து கேவுரு வெளியேறியது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். இரும்பும் அரிசியில் பல மடங்கு குறைவு. களியோடு போனது களி மட்டுமல்ல. களிக்குத் தொட்டுக்கொள்ளும் கீரைக் கடையலும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொள்ளும் சேர்ந்து குறைந்தன. சோற்றுக்கு ஒரு ரசம் போதும் என்று ஆனது. மூன்று வேளையும் வயிறு நிறைந்தும் ரத்தம் இல்லாத உடம்பு இப்படி வந்தது.

2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது: பாரம்பரிய உணவை மறந்துவிட்டோம், நம் பாட்டிகள் கேழ்வரகு தின்று திடமாக இருந்தார்கள். அந்தப் பாட்டிகளிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்தி உமி போக்க வேண்டும். கேவுரைத் திருகையில் அரைக்க வேண்டும். காட்டு வேலை முடித்து வந்து, விடியற்காலையில் எழுந்து, வலி எடுக்கும் நாள் வரை இதைச் செய்தவள் புள்ளத்தாச்சிதான். களி கிண்டுவதற்கு இரண்டு காலிலும் சட்டியை அண்டக்கொடுத்துத் துடுப்பைத் திருப்ப வேண்டும். எட்டாம் மாதத்தில் அதைச் செய்து பார்த்தவர்கள் பாரம்பரியம் என்று உருக மாட்டார்கள். 2011-இல் கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும், வீட்டுக்கு வந்த கேஸ் அடுப்பும் இந்தப் பெண்களின் முதுகுக்குக் கிடைத்த ஓய்வு. கேவுரு திரும்பி வர வேண்டும் என்றுதான் நாங்களும் சொல்கிறோம். உரல் திரும்பி வர வேண்டாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளூரைடு அதிகம். பல் கறுத்த, முட்டி வளைந்த மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே தண்ணீரில்தான் களியும் வெந்தது. டெல்லியில் ஏ.கே.சுசீலா குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பிணிகளின் உணவிலும் தண்ணீரிலும் ஃப்ளூரைடை விலக்கி உணவைச் சரிசெய்தபோது ஹீமோகுளோபின் கூடியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வந்தது. அது கடைசிக் குழாய் வரை வருகிறதா என்பதைக் கடைசிக் குழாய் இருக்கும் காலனியில் நின்று கேட்க வேண்டும்.

அங்கன்வாடி பற்றிப் பேசாமல் இது முடியாது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்படி கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கூடுதலாகச் சேர வேண்டும். அது சத்துமாவாக வருகிறது. மாவுப் பொட்டலம் வீட்டுக்கு வந்தால் வரிசைப்படிதான் பிரிகிறது: குழந்தைகள் வெல்லத்தோடு பிசைந்து தின்றது போக மிச்சம் அவளுக்கு. தடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? மையத்திலேயே சூடாகச் சமைத்து உட்காரவைத்துப் போட்டால் அவள் வயிற்றுக்குப் போகும். அங்கேதான் சாதி வந்து நிற்கிறது. மையம் ஊருக்குள் இருந்தால் காலனிப் பெண்கள் தயங்குவார்கள். காலனியில் இருந்தால் ஊர்ப் பெண்கள் வரமாட்டார்கள். தலித் பெண் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் நடந்ததை நாடே பார்த்தது. ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் பிரசவம் பார்த்தவர்கள் நம் வீட்டு மருத்துவச்சிகள். தொப்புள்கொடி அறுத்த கைக்கு இல்லாத தீட்டு சோறு பொங்கும் கைக்கு எப்படி வந்தது?

அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பை அதனால்தான் நாங்கள் கேலி செய்வதில்லை. மேடையும் பேச்சும் புகைப்படமும் எரிச்சலூட்டும். ஆனால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பந்தியில் மாசமாக உட்கார்ந்து சாப்பிடுவது இந்த மாவட்டத்தில் வேறெங்கே நடக்கிறது? எங்களுக்குத் தெரிந்த ஒரு காலனியில் மூன்று பெண்களுக்கு, கர்ப்ப காலத்தில் அவர்கள் முதலாவதாக உட்காரவைக்கப்பட்டுச் சாப்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். இந்த மாவட்டத்து உழவர்களிடமிருந்தே கொள்முதல் செய்து இங்கேயே கொடுப்பது நல்ல காரியம், வரவேற்கிறோம். பாலக்கோடு பக்கத்துக் காலனி ஒன்றில் பெண்களோடு உட்கார்ந்து கணக்கு போட்டோம். வேலைக்குப் போகிற ஆளுக்கு ஒரு வேளைக் களிக்குச் சுமார் 150 கிராம் மாவு. ஐந்து பேர் வீட்டில் இரண்டு கிலோ மூன்று வேளைக்குக்கூட வராது. மாதத்தில் மிச்ச நாளெல்லாம் சோறுதான். அங்கே இருந்த கர்ப்பிணிகளில் இரண்டு பேர் அடுத்த வாரம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிறவர்கள். அட்டை இங்கே இருக்கும், அவர்கள் அங்கே ஷெட்டில் செங்கல் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள்.

கணக்கு முடிந்ததும் ஒரு மனு எழுதலாம் என்றார்கள். கர்ப்பிணி இருக்கும் அட்டைக்கு மாதம் பத்துக் கிலோ கேவுரு, கூடவே இரண்டு கிலோ கொள்ளு, காலனி அங்கன்வாடியில் மத்தியானம் சூடான சாப்பாடு என்று எழுதினோம். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, ஓரமாக வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆயா, மில்லுக்குப் போய் வருவதற்கும் அரைப்பதற்கும் ஆகிற கூலியைச் சேர்க்கவில்லையே என்றார். சேர்த்துக்கொண்டோம். மனு போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.